எண்ணிக்கையில் சேராத கல்யாணம்

“கல்யாணம்ங்கற வார்த்தையை மட்டும் வாயில எடுத்துடாதே.”

செவ்வாய்ப்பேட்டைத் திருப்பத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரிக்குப் பின்னால் ஆட்டோ மாட்டிக்கொண்டு நின்றது. தமிழினி அதே பேச்சை மறுபடியும் ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனப்பிரியா தலையை ஆட்டினாள். ஆட்டத்தான் ஆட்டினாள், கண் என்னவோ வெளியே லாரியையே பார்த்துக்கொண்டிருந்தது.

“வக்கீலம்மா சொன்னதை ஒருவாட்டி சொல்லு, பாக்கலாம்.”

“நான் மேஜருங்க. என்ற இஷ்டத்துலதான் இங்க இருக்கறனுங்க. ஊட்டுக்குப் போகப் பிரியமில்லீங்க.”

“அவ்வளவுதான். அதுக்கு மேல?”

“அதுக்கு மேல ஒண்ணுமில்லீங்க மேடம்.”

“வெளையாடாதடி.”

“வெளையாடறனா? பயத்துல ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. உனக்கு வெளையாட்டாத் தெரியுதா?”

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார். ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் மயில்சாமி, தன் மகள் தனப்பிரியாவைக் காணவில்லை என்று சேலம் மகளிர் காவல் நிலையம் ஒன்றில் எழுதிக் கொடுத்துவிட்டார். காணாமல் போகவெல்லாம் இல்லை. மகள் சேலத்தில் எந்தத் தெருவில், எந்த மாடியில் குடியிருக்கிறாள் என்பது அவருக்கு மனப்பாடம். போன வருசம் தேங்காய் மூட்டையை அந்த மாடிக்கே தூக்கிவந்து இறக்கிவிட்டுப் போனவர் அவர். போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுக் காத்திருந்தார்கள், பெண் வரவில்லை. நாலு பேர் முன்னால் தலைகுனிந்தவருக்கு, மகள் அன்றைக்குத்தான் காணாமல் போனாள்.

தனப்பிரியா ஒரு ஜவ்வரிசி ஆலையின் லேபில் வேலை பார்க்கிறாள். மாவில் ஈரம் எவ்வளவு, வெளுப்பு எவ்வளவு என்று சோதித்துச் சீட்டுக் கொடுக்கிற வேலை. சாம்பிள் பொட்டலத்தோடு செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வருவாள். அங்கே பில் போடுகிறவள் தமிழினி. பொட்டலம் கொடுக்க வந்தவள் டீ குடிக்க உட்கார்ந்தாள், டீ குடிக்க உட்கார்ந்தவள் பேச ஆரம்பித்தாள். இப்போது ரெண்டு பேரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். வீட்டுக்காரரைக் கேட்டால், “வேலைக்குப் போற புள்ளைங்க, தங்கமான புள்ளைங்க, ஒரு ஆம்பளைச் சத்தம் கேக்காது” என்பார்.

லாரி நகர்ந்தது. ஆட்டோ ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது.

“மாமா வந்துருவாரில்ல?” என்றாள் தனப்பிரியா.

“ஓமலூரத் தாண்டிட்டேன்னு போன் பண்ணினாரு.”

“அப்பறம் என்ன பயம்!”

நிஜமாகவே அவள் முகத்தில் பயம் போய்விட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் தமிழினிக்குப் பயம் வந்தது.

மாமா என்று தனப்பிரியா சொன்னது தமிழினியின் அப்பா இளஞ்செழியனை. மூன்று மாதத்துக்கு முன்னால் வரைக்கும் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இளஞ்செழியனை ஓமலூர் வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறாத நேரமெல்லாம் மேடையில் ஏறியவர். ஐயர் இல்லாமல், அக்கினி இல்லாமல், நல்ல நேரம் பார்க்காமல் சுயமரியாதைக் கல்யாணம் நடத்திவைப்பதில் மன்னன். ராகு காலத்தில்தான் மாலையை எடுத்தே கொடுப்பார். ஆயிரமாவது கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அவருக்குப் பாராட்டு விழா எடுக்க ஆட்கள் வசூலில் இறங்கியிருந்தார்கள்.

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மைக்கைப் பிடித்ததும் தன் அப்பா சடையனையும் அம்மா அத்தாயியையும் இழுத்துவிடுவார். “எங்கப்பா எங்கம்மாவுக்கு மாலை போட்டப்ப, அந்தக் கல்யாணத்துக்குச் சட்டத்துல இடம் கெடையாது! மந்திரம் சொல்லல, தீ வலம் வரல, அதனால செல்லாதுன்னாங்க. காடு பங்கு பிரிக்கற வழக்குல பங்காளிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. எதிர்த்தரப்பு வக்கீல் எங்கம்மாவைப் பாத்துக் கேக்கறான், ‘நீ சடையனுக்கு வைப்புதானே?’ன்னு. நான் அவங்க இடுப்புல இருக்கறேன். அறுபத்தேழுல புதுச் சட்டம் போட்டு, பழைய கல்யாணமும் செல்லும்னு எழுதின பொறகுதான் எங்கம்மா பொண்டாட்டி ஆனாங்க! சட்டத்துக்கு எதுக்குய்யா சாமி? ரெண்டு மனசு போதாதா?”

கைத்தட்டல் மண்டபத்தைப் பிளக்கும். இத்தனைக்கும் அந்தச் சாமியில்லாக் கல்யாணத்தையும் இந்துத் திருமணச் சட்டத்துக்குள்ளேயேதான் செருகி வைத்திருக்கிறார்கள். அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். “நானும் ஒரு இந்துங்க. சாமி கும்பிட அல்ல, சம்சாரம் கட்ட.” அதற்கும் கைத்தட்டல்.

தமிழினி சித்திரையில் ஒருநாள் அப்பாவிடம் உண்மையைச் சொன்னாள். அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாமே அப்பாதான். அவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பேசியபோது இப்படிச் சொன்னார்: “கொள்கைன்னு வந்துட்டா சொந்தம் பாக்கறவன் இல்லம்மா நான். அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா.”

ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கல்யாணம் நடந்தது. ஓமலூர் வீட்டில், ஒரு மத்தியானம். முன் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று டிவியைச் சத்தமாக வைத்தார். மாலை ரெண்டும் அரிசிப் பைக்குள் ஒளிந்து வந்தன. ஊருக்கே கேட்கிற மாதிரி குழாய் ஸ்பீக்கரில் முழங்குகிற மனுசன், உறுதிமொழியைப் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் ரகசியம் சொல்கிற குரலில் சொல்லிக்கொடுத்தார். போன் ரெண்டையும் வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டார்.

“போட்டோ வேண்டாம். வெளிய போனா உங்களுக்குத்தான் ஆபத்து.”

“சாட்சிக்கு யாரும் வேண்டாமாப்பா?” என்று தமிழினி கேட்டாள். மற்ற கல்யாணத்தில் சாட்சி ரெண்டு பேர் வந்து நிற்காமல் மாலையைத் தொடவே விடமாட்டார்.

“நான் ஒருத்தன் போதாதா?”

தனப்பிரியா காலில் விழப் போனாள். “அதெல்லாம் நம்ம வழக்கத்துல கெடையாது” என்று தூக்கி நிறுத்தினார். அந்த நிமிசத்திலிருந்து அவளுக்கு அவர் மாமா.

சாயங்காலம் விழாக் குழுக்காரர் ஒருவர் போன் செய்து, இதுவரைக்கும் எத்தனை கல்யாணம் ஆச்சு தலைவரே என்று கேட்டார். அப்பா ஒரு எண்ணைச் சொன்னார். அதற்கு முந்தின வாரம் சொன்ன அதே எண். தமிழினி அதைக் கவனித்தாள். தனப்பிரியா கவனிக்கவில்லை. அவள் வெட்கத்தோடு பாயசக் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ நின்றது.

காவல் நிலையத்துச் சுவரில் மூன்று சாமி படங்கள். மூன்றுக்கும் புதுச் சரம். இன்ஸ்பெக்டர் ரஞ்சிதா படங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்ப் பெஞ்சில் மயில்சாமி, அவர் மனைவி சாலம்மாள், மயில்சாமியின் தம்பி தீனதயாளன். சாலம்மாள் முந்தானையை வாயில் பொத்தியிருந்தார். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஓட்டுகிற தீனதயாளன், வடநாடெல்லாம் போர்வெல் போட்டுப் பழகியவர். எங்கே தோண்டினால் தண்ணீர் வரும் என்று பார்க்கிற கண் அவருக்கு.

இன்ஸ்பெக்டர் புகாரைப் படித்தார். தனப்பிரியாவைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“ஏனுங்க மயில்சாமி, பொண்ணைக் காணோம்னு எழுதியிருக்கீங்க. இந்தா நிக்குது. கண்டுபுடிச்சாச்சு. கேஸ் முடிஞ்சுது.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க தாயி,” என்று மயில்சாமி கும்பிட்டார். “பெத்தவங்க மானம் போகுதுங்க.”

“மானத்துக்கெல்லாம் செக்சன் கெடையாதுங்க. புள்ளைக்கு இருபத்தாறு வயசு. எங்க இருக்கறேன்னு அது சொல்லுதோ அங்க விடறதுதான் சட்டம். என்னம்மா சொல்ற?”

தனப்பிரியா நிமிர்ந்து நின்றாள். “நான் மேஜருங்க மேடம். என்ற இஷ்டத்துலதான் இங்க இருக்கறனுங்க. ஊட்டுக்குப் போகப் பிரியமில்லீங்க.”

தமிழினிக்கு மூச்சு வந்தது. இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார். இன்னும் ரெண்டு நிமிசம். ஒரு கையெழுத்து. வெளியே போய்விடலாம்.

“முடிஞ்சுதுங்க மேடம். நாங்க கெளம்பறோமுங்க,” என்று தீனதயாளன் எழுந்தார். எழுந்தவர் போகவில்லை. “போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை என்ற புள்ளைகிட்டக் கேட்டுக்கறனுங்க. அம்மிணி, நாங்க வேண்டாம், செரி. அந்தப் புள்ள உனக்கு என்ன வேணும் சாமி? சிநேகிதி. அவ்வளவுதானே?”

தனப்பிரியா தமிழினியைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாளைக்கு அவ அப்பன் அவளுக்கு ஒரு மாப்பிள்ளையப் பாத்துக் கட்டி வெச்சுருவான். அவ புருசன் ஊட்டுக்குப் போயிருவா. நீ? பெத்தவளையும் உட்டுட்டு, வாடகை ஊட்ல தனியா ஒக்காந்து ஜவ்வரிசி எண்ணுவியா? உன்னை நெனச்சாத்தான் கண்ணு சித்தப்பனுக்குப் பாவமா இருக்குது.”

“அவ எங்கயும் போக மாட்டா சித்தப்பா.”

“தனம்,” என்றாள் தமிழினி.

“போவா கண்ணு. எல்லாப் புள்ளைங்களும் போவாங்க. நீதான் லூசுப் புள்ளையாட்டம்...”

“போக மாட்டா! எங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சு!”

சாலம்மாளின் முந்தானை வாயிலிருந்து விழுந்தது.

“என்னம்மா சொன்ன?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கல்யாணம் ஆயிருச்சுங்க மேடம். எனக்கும் தமிழுக்கும். இவங்கப்பாதான் பண்ணி வெச்சாங்க. சும்மா யாரோ இல்லீங்க. ஊரெல்லாம் கல்யாணம் பண்ணி வெக்கறவரு. அதா, வந்துட்டாரு பாருங்க!”

வாசலில் இளஞ்செழியன் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஹெல்மெட். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

“ஐயா நீங்களா!” இன்ஸ்பெக்டர் பாதி எழுந்தேவிட்டார். “எங்க பெரியம்மா பையன் கல்யாணம் நீங்க நடத்தி வெச்சதுதானுங்க. ஒக்காருங்க ஐயா. ஏப்பா, ஐயாவுக்கு ஒரு சேர் போடு.”

நாற்காலி வந்தது. அவர் உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். மகளை அவர் பார்க்கவில்லை.

தீனதயாளன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து கும்பிட்டார். குரலில் சர்க்கரை.

“உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கறனுங்க ஐயா. ஐயர் இல்லாத கல்யாணம்னா எங்களுக்கும் ஆகாததில்லீங்க. எங்க கல்யாணச் சீர்ல ஏதுங்க ஐயரு? எங்காளுகள்ல மூத்தவரு, அருமைக்காரருதான் எல்லாம். அவரு பண்ணி வெச்சேன்னு சொன்னா அது கல்யாணம். அந்த மாதிரி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பொண்ணுக்கும் பொண்ணுக்கும் பண்ணி வெச்சீங்களா? ஆமாம்னா ஆமாங்க. நாங்க மறு பேச்சு பேசாமக் கெளம்பிர்றோம்.” கொஞ்சம் நிறுத்தினார். “அடுத்த மாசம் உங்களுக்கு விழாவாமுங்க. ஓமலூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து மண்டபம் வரைக்கும் பிளக்ஸ் என்ற செலவு. அதுல இந்தக் கல்யாணத்தையும் போட்டுருவோம், பெருசா. உங்களால கல்யாணம் ஆன அத்தனை குடும்பமும் பாக்கட்டும். நம்மளதும் இந்த வகைதானான்னு ஊட்ல பேசிக்கட்டும்.”

“யோவ், மிரட்டறியா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“விழாவுக்குச் செலவு பண்றேங்கறேன் மேடம். இதுல என்னங்க மிரட்டல்?”

இன்ஸ்பெக்டர் இளஞ்செழியன் பக்கம் திரும்பினார். “ஐயா, சட்டப்படி அது கல்யாணம் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். டெல்லி சுப்ரீம் கோர்ட்டே, இதெல்லாம் பார்லிமென்ட் பாத்துக்கட்டும்னு கைகழுவிருச்சு. நான் கேக்கறது நடந்துச்சா இல்லியான்னு மட்டும். நடந்துச்சுன்னு நீங்க சொன்னா, பொண்ணு தெளிவா இருக்குது, தெரிஞ்சுதான் பேசுதுன்னு எழுதி அது இஷ்டத்துக்கே அனுப்பிருவேன். நடக்கலைன்னா, இல்லாததை இருக்குதுங்குதுன்னு ஆயிரும். அப்பறம் டாக்டர்கிட்டக் காட்டணும்னு இவங்க கேட்டா நான் மறுக்க முடியாது. பாத்துச் சொல்லுங்க.”

“சொல்லுங்க மாமா,” என்றாள் தனப்பிரியா. அவள் முகத்தில் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. சித்தப்பாவை ஜெயித்துவிட்டவள் மாதிரி நின்றாள்.

இளஞ்செழியன் தொண்டையைச் செருமினார். தமிழினிக்கு அந்தச் செருமல் சின்ன வயதிலிருந்து தெரியும். மைக் முன்னால் செருமுவது. அவள் பெஞ்சுக்கு மறைவில் தனப்பிரியாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“சட்டம்ங்கறது மனுசனுக்காக,” என்று ஆரம்பித்தார். “எங்கப்பா சடையன், எங்கம்மா அத்தாயி. அவங்க கல்யாணத்தைச் சட்டம் ஏத்துக்கல. கோர்ட்டுல வெச்சு எங்கம்மாவைக் கேக்கக் கூடாத கேள்வி கேட்டாங்க. அதைப் பாத்து வளந்தவன் நான்.”

தனப்பிரியாவின் விரல் தமிழினியின் விரலை அழுத்தியது. பாத்தியா, என்றது.

“அதனாலதான் சொல்றேன். சட்டத்துல இல்லாத எதையும் நான் இன்னை வரைக்கும் நடத்துனதில்ல.”

தமிழினிக்கு முதலில் புரியவில்லை. வாக்கியம் முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று காத்திருந்தாள்.

“அப்ப அந்தப் புள்ள சொல்றது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எம்பொண்ணோட சிநேகிதிங்க. ஊட்டுக்கு வரும், போகும். சித்திரையில எம்பொண்ணுக்குப் பொறந்த நாளு. ரெண்டும் மாலை வாங்கியாந்து மாத்திப் போட்டுக்கிட்டு வெளையாண்டுச்சுங்க. புள்ளைங்கதானேன்னு நானும் சிரிச்சுட்டு இருந்துட்டேன். அந்தப் பொண்ணு அதை மனசுல வேற மாதிரி ஏத்திக்கிச்சாட்ட இருக்குது.”

“எம் பொறந்த நாளு கார்த்திகையில வருதுப்பா,” என்றாள் தமிழினி.

ஓரத்து மேஜையில் இருந்த எழுத்தர் தும்முகிற மாதிரி சிரிப்பை அடக்கினார். இளஞ்செழியன் ஹெல்மெட்டின் வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் இளஞ்செழியனையே பார்த்தார். நாற்காலி போட்டுவிட்டோமே என்கிற மாதிரி. பிறகு தனப்பிரியாவைக் கூப்பிட்டார்.

“இங்க பாரும்மா. அவரு என்ன சொன்னா என்ன. நீ இப்பவும் மேஜர்தான். முன்ன சொன்னியே, அதையே திருப்பிச் சொல்லு. நான் எழுதிக்கறேன்.”

“சொல்லு தனம்,” என்றாள் தமிழினி. “அந்த ஒரு வரிய மட்டும் சொல்லு. ஆட்டோல சொன்னியே. சொல்லுடி.”

தனப்பிரியா அவளைப் பார்க்கவில்லை. இளஞ்செழியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஊர் பெயர் தப்பாகப் படித்து வேறு பஸ்ஸில் ஏறிவிட்டவள், இறங்க வேண்டிய இடமும் போய்விட்டதென்று தெரிந்ததும் ஜன்னலைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

“தனம்!”

“ஊட்டுக்குப் போறனுங்க மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“அம்மாகூடப் போறனுங்க.”

சாலம்மாள் ஓடிவந்து மகளின் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். எழுத்தர் தட்டச்சு செய்தார்: சுயவிருப்பத்தின் பேரில் பெற்றோருடன் சென்றார். யாரும் யாரையும் இழுக்கவில்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை. சட்டம் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பாவின் வண்டி நின்றது. அவர் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா?”

“சட்டத்துல இடமில்லம்மா. நான் ஆமான்னு சொல்லியிருந்தாலும் அது செல்லாது. செல்லாத ஒண்ணுக்காக...”

“தாத்தா மாலை போட்டப்ப மட்டும் செல்லுச்சா?”

“அது வேற.”

“என்ன வேற?”

“அது ஒரு சமுதாயத்துக்காக நடந்தது தமிழு. அதுக்குப் பின்னால ஒரு இயக்கம் இருந்துச்சு. இது உங்க ரெண்டு பேரு சமாச்சாரம். இதுக்காக மத்தது எல்லாத்தையும் நான் பணயம் வெக்க முடியுமா? அத்தனை குடும்பம்மா!”

“ஒரு குடும்பமும் உங்ககிட்ட வந்து கேட்டிருக்காதுப்பா. உங்களுக்கு பிளக்ஸ்ல சிரிப்பா சிரிச்சுருவாங்கன்னு பயம்.”

“வாய மூடு. பெத்த அப்பன்கிட்டப் பேசறோம்னு நெனச்சுப் பேசு.”

“பயமா இருக்குது, மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை அன்னைக்கே சொல்லியிருந்தா, நாங்க மாலையே போட்டிருக்க மாட்டோம். வக்கீலம்மா சொன்ன ஒரு வரியச் சொல்லிட்டு இந்நேரம் ஊட்ல சோறு ஆக்கிட்டு இருந்திருப்போம். அவ உங்களை நம்பித்தாம்ப்பா வாயத் தொறந்தா.”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மயில்சாமி ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “ஐயா, எங்க குலத்தைக் காப்பாத்திட்டீங்க...” தமிழினி அதற்கு மேல் நிற்கவில்லை.

கார் சாலையோரம் என்ஜின் ஓடியபடி நின்றது. தீனதயாளன் ஸ்டியரிங்கில். பின் சீட்டில் அம்மாவின் பக்கத்தில் தனப்பிரியா. தமிழினி கண்ணாடியைத் தட்டினாள். ஒரு சாண் இறங்கியது.

“தனம், இறங்கு. இன்னும் கையெழுத்துல மை காயல. இன்ஸ்பெக்டரு நல்லவங்க. போய்ச் சொல்லலாம், வா.”

“எதுக்கு?”

“எதுக்கா?”

“நீ அப்பவே சொன்ன. நாந்தான் கேக்கல.” தனப்பிரியாவின் குரலில் அழுகை இல்லை. “கல்யாணம்னு நெனச்சுட்டு இருந்தேன் தமிழு. மூணு மாசமா ஒவ்வொருத்தரையும் பாக்கறப்ப, நான் கல்யாணம் ஆனவன்னு மனசுக்குள்ள சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஆலைக்குப் போறப்ப, பஸ்ல நிக்கறப்ப. சாரு அதைப் பொறந்த நாளுன்னுட்டாரு.”

சார்.

“அவரு சொன்னா? நாம சொல்றதுதானடி...”

“சித்தப்பா, போலாங்க,” என்றாள் தனப்பிரியா.

“இருடா கண்ணு, அப்பா வரட்டும்,” என்றார் தீனதயாளன். பிறகு தமிழினியைப் பார்த்து, பொறுமையாக, “வெயில்ல நிக்காத அம்மிணி, உனக்கும் ஒடம்பு கெட்டுரும்” என்றார். கண்ணாடி ஏறியது. கறுப்புக் கண்ணாடி. உள்ளே ஒன்றும் தெரியவில்லை; தமிழினியின் முகம்தான் தெரிந்தது.

போன் அடித்தது. வக்கீல் தெய்வநாயகி. நாமக்கல் கோர்ட்டில் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டு வரமுடியாமல் போனவர்.

“என்ன ஆச்சு தமிழினி? விட்டுட்டாங்கல்ல?”

தமிழினி சொன்னாள். முழுக்கச் சொல்ல நாலு வாக்கியம்கூட ஆகவில்லை.

“இழுத்துட்டுப் போறாங்களா, தானாப் போறாளா?”

“தானாத்தான் மேடம்.”

தெய்வநாயகி உச்சுக்கொட்டுகிற சத்தம் கேட்டது. “அப்ப ஆட்கொணர்வு மனு போட்டாக்கூட நிக்காது. கல்யாணம் இல்லாட்டியும் ரெண்டு பேரு குடும்பமா இருக்கலாம்னு நம்ம ஐகோர்ட்டே சொல்லியிருக்குது. அதைத்தான் கையில வெச்சுட்டு இருந்தேன். ஆனா அந்தப் பொண்ணு வாயால கேக்கணுமே... செரி. ஒண்ணு பண்ணலாம். அவ மனசு மாறினதே உங்கப்பா பேச்சால. உங்கப்பாவே இப்பப் போய் அவகிட்டப் பேசினா? அவரு பேசினா அவ இறங்குவா. கார் இன்னும் நிக்குதுதானே? அவரு பக்கத்துல இருக்காரா? போனைக் குடு, நான் பேசறேன்.”

தமிழினி திரும்பி வேப்பமரத்தைப் பார்த்து நடந்தாள். பாதி தூரத்திலேயே அப்பாவின் குரல் கேட்டது. செருமல் இல்லாத, சகஜமான குரல். மயில்சாமி பவ்யமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்து, எதையோ தேய்த்துத் தேடிக்கொண்டிருந்தார்.

“...கரூர்ப் பக்கமுங்க. ஒரே பையன். நகை நட்டுன்னு வாயத் தொறக்க மாட்டாங்க. முற்போக்கான குடும்பம். இருங்க, நெம்பர் இதுலதான் இருந்துச்சு...”

“குடு தமிழினி,” என்றது போன். “என்ன, அப்பா இல்லியா?”

“இருக்காரு மேடம்,” என்றாள் தமிழினி. “கொஞ்சம் வேலையா இருக்காரு. தனத்துக்கு மாப்பிள்ளை சொல்லிட்டிருக்காரு.”